"நீதிமன்றத் தீர்ப்புக்கு உட்பட்டது": தனியார் மருத்துவக் கல்லூரி அனுமதி வழக்குகளின் பின்னணி

சில ஆண்டுகளுக்கு முன், வலங்கைமான் பக்கத்து விவசாயி ஒருவர் கும்பகோணத்தில் என் அலுவலகத்துக்கு ஒரு தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். அவருடைய மகளுக்கு ஒரு சுயநிதி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்ததற்கான ஒதுக்கீட்டு ஆணை அது. பெயர், மதிப்பெண், கல்லூரி, கட்ட வேண்டிய தொகை எல்லாம் சரியாக இருந்தன. அடியில் மட்டும் சிறிய எழுத்தில், இந்தச் சேர்க்கை நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்புக்கு உட்பட்டது என்று ஒரு வரி இருந்தது. "சீட்டு குடுத்தது கவர்மென்ட்டு. அப்புறம் இதுல எங்க சார் கோர்ட்டு வந்துச்சு?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் எனக்கே போதுமானதாகத் தோன்றவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைக் கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லும் முயற்சி.

மருத்துவக் கல்லூரி தொடங்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவோம். 1956ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மன்ற (மெடிக்கல் கவுன்சில்) சட்டத்தில், புதிய கல்லூரிக்கு முன்அனுமதி பெற வேண்டும் என்ற விதி முதலில் இல்லை. மாநில அரசும் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டால் கல்லூரி தொடங்கிவிடும். படித்து முடித்தவர்களின் பட்டத்தை மருத்துவக் கவுன்சில் அங்கீகரிக்குமா என்பது பிறகு பார்த்துக்கொள்ளும் விஷயமாக இருந்தது. 1980களில் தென்மாநிலங்களில் நன்கொடைக் கல்லூரிகள் பெருகியதையடுத்து, 1992இல் அவசரச் சட்டமாகவும் 1993இல் திருத்தச் சட்டமாகவும் 10ஏ என்ற பிரிவு நுழைக்கப்பட்டது. அதன்பின் புதிய கல்லூரி, புதிய பட்டமேற்படிப்பு, கூடுதல் இடங்கள் ஆகிய மூன்றுக்கும் மத்திய அரசின் முன்அனுமதி கட்டாயமாயிற்று. விண்ணப்பத்தைக் கவுன்சில் ஆராய்ந்து பரிந்துரைக்கும், மத்திய அரசு ஆணை இடும் என்பது ஏற்பாடு. நான் பார்த்தவரை, இன்று வரையிலான அனுமதி வழக்குகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பிரிவின் கிளைகளே.

மாநிலத்துக்கு மிச்சமிருந்த அதிகாரம் எவ்வளவு என்ற கேள்வியைத் தீர்த்தது தமிழ்நாட்டு வழக்கு ஒன்றுதான். திருமுருக கிருபானந்த வாரியார் தவத்திரு சுந்தர சுவாமிகள் பெயரிலான அறக்கட்டளை தொடுத்த அந்த வழக்கில், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி இணைப்புப் பெற மாநில அரசின் அனுமதியும் வேண்டும் என்ற நிபந்தனை கேள்விக்குள்ளானது. 10ஏ வந்தபின் அந்தக் களம் முழுவதையும் மத்தியச் சட்டம் எடுத்துக்கொண்டுவிட்டது, அதற்கு முரணான மாநில நிபந்தனை செல்லாது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வாசல் வழியே போன மாநிலம் சன்னல் வழியே திரும்பி வந்தது. மருத்துவக் கவுன்சிலின் ஒழுங்குமுறைகளே, விண்ணப்பத்தோடு இரண்டு தாள்களைக் கேட்டன: இந்தப் பகுதிக்கு இந்தக் கல்லூரி தேவை என்று மாநில அரசு தரும் அத்தியாவசியச் சான்றிதழ் ஒன்று, பல்கலைக்கழகம் தரும் இணைப்புச் சம்மதக் கடிதம் இன்னொன்று. ஆக, மாநிலம் "கூடாது" என்று நேரடியாகச் சொல்ல முடியாது; சான்றிதழைத் தராமல் இழுத்தடிக்க முடியும். இந்த இரண்டு தாள்களைப் பற்றிய வழக்குகள் தனி வகை. பின்னால் வருகிறேன்.

மருத்துவக் கவுன்சில் 2010இல் ஊழல் புகார்களால் ஒருமுறை கலைக்கப்பட்டது. 2016 மே மாதம் அதை மேற்பார்வையிட முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.எம். லோதா தலைமையில் உச்ச நீதிமன்றமே ஒரு குழுவை அமைத்தது. 2018இல் மறுபடியும் கவுன்சில் ஓரங்கட்டப்பட்டு, 2019ஆம் ஆண்டின் சட்டத்தின்படி 2020 செப்டம்பர் 25 முதல் தேசிய மருத்துவ ஆணையம் அதன் இடத்துக்கு வந்தது. இன்று அனுமதி தருவது ஆணையத்தின் கீழுள்ள மருத்துவ மதிப்பீடு மற்றும் தரவரிசை வாரியம். அது 6 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 15 நாளுக்குள் ஆணையத்திடம் முறையீடு. ஆணையம் 45 நாளுக்குள் தீர்க்க வேண்டும். அங்கும் தோற்றால் மத்திய அரசிடம் இரண்டாவது முறையீடு. இந்த நாட்களை விரல்விட்டுக் கூட்டிப் பாருங்கள். எட்டு மாதத்தைத் தாண்டிவிடும். அதற்குள் நீட் தேர்வு முடிந்து, முடிவு வந்து, கலந்தாய்வுச் சுற்றுகள் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாவது முறையீடும் கைவிட்டபின் நீதிமன்றத்துக்குப் போகும் கல்லூரி, எப்போதும் கடைசிச் சுற்று நடக்கும்போதுதான் வாசலில் நிற்கும். வக்கீல்களின் சாமர்த்தியம் பற்றி ஊரில் என்ன சொன்னாலும், இந்த அவசரத்தில் பாதியைச் சட்டமே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது.

சண்டை என்னவோ பெரும்பாலும் ஒரே ஒரு நாளைப் பற்றியது. ஆய்வுக் குழு முன்னறிவிப்பின்றி வந்து இறங்கும் நாள். அன்று காலை எத்தனை பேராசிரியர்கள் இருந்தார்கள், எத்தனை ரெசிடென்ட் டாக்டர்கள் இருந்தார்கள், புறநோயாளிகள் எத்தனை பேர், படுக்கைகளில் எத்தனை நிரம்பியிருந்தன, பெரிய அறுவைச் சிகிச்சைகள் எத்தனை, எக்ஸ்ரே எத்தனை என்பவைதான் அறிக்கையின் உயிர். பழைய ஒழுங்குமுறையில் இதற்கு வாசல்படிகள் வைத்திருந்தார்கள்: தொடக்க ஆண்டுகளில் ஆசிரியர் பற்றாக்குறை 30 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த ஆண்டு ரெனீவல், அதாவது அனுமதிப் புதுப்பிப்பு, கிடையாது, அங்கீகாரத்தை நெருங்கும் கட்டத்தில் அது 20 விழுக்காடு, பட்டமேற்படிப்பு இருந்தால் 10 விழுக்காடு. போலி ஆசிரியர், போலிச் சான்றிதழ் பிடிபட்டால் இரண்டு ஆண்டுத் தடை. 2023ஆம் ஆண்டின் புதிய அளவுகோலின்படி, 100 இடங்களுக்கு 420 படுக்கைகள், 150 இடங்களுக்கு 605 படுக்கைகள்; படுக்கை நிரம்பல் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காடு. கல்லூரி கேட்டு வரும் முன்பே, குறைந்தது 220 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை இரண்டு ஆண்டுகள் ஓடியிருக்க வேண்டும்.

படுக்கை நிரம்பல் என்பது நகரத்து அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்தால் ஒரு விழுக்காடு. டெல்டாவில் அது ஒரு பருவம். சம்பா நடவுக் காலத்தில் பாம்புக்கடி, பூச்சிமருந்து விஷம், காய்ச்சல் என்று வார்டு நிரம்பும். தை பிறக்கும் முன் அறுவடையும் பண்டிகையும் ஒன்றாக வரும்போது, தையல் பிரிக்காத நோயாளிகூட "வீட்டுல பொங்க வைக்கணும் டாக்டர், நான் வந்து காட்டிக்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். போகிக்கு முந்தைய நாள் மாலை எந்த மருத்துவமனை வார்டில் நின்று பார்த்தாலும் இது தெரியும்: ஆளில்லாக் கட்டிலில் மடித்து வைத்த சிவப்புக் கம்பளி, வாசலில் மூட்டையோடு ஆட்டோவுக்குக் காத்திருக்கும் குடும்பம். இதை உணர்ந்துதான், மத்திய மாநில அரசுகள் அறிவித்த முக்கியப் பண்டிகைகளுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாட்கள் ஆய்வு நடத்தக் கூடாது என்று கவுன்சிலின் ஒழுங்குமுறையிலேயே சேர்த்திருந்தார்கள். எது முக்கியப் பண்டிகை, ஆய்வு நடந்த நாள் அந்த விலக்குக்குள் வருமா என்பது அதன்பின் வழக்குமன்றத்தில் வாதப்பொருளாயிற்று. ஆடிப்பெருக்கு அந்தப் பட்டியலில் வருமா என்று யாரும் வழக்குப் போட்டதாக நான் கேள்விப்படவில்லை. போட்டிருந்தால் கும்பகோணத்துக்காரனாக நான் கல்லூரிப் பக்கம் சாய்ந்திருப்பேன்.

இதே வாதத்தின் மறுபக்கம் 2022இல் உச்ச நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. மகாராஷ்டிரத்தின் துலே நகரத்தில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில், 100 இடங்களை 150 ஆக்கும் அனுமதி பற்றிய திடீர் ஆய்வு மகர சங்கராந்தியையொட்டி, அதாவது நமது பொங்கல் நாளில், நடந்தது. குழந்தைகள் வார்டில் படுத்திருந்த குழந்தைகளில் யாருக்கும் நோய் இருப்பதாகத் தெரியவில்லை என்று ஆய்வுக் குழு எழுதியது. பண்டிகை நாளில் வந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று கல்லூரித் தரப்பு சொல்ல, சங்கராந்தி என்பதற்காக நோய்கள் நின்றுவிடுமா என்று நீதிபதி டி.ஒய். சந்திரசூட் கேட்டார், நடந்தது சினிமாக் காட்சி போல இருக்கிறது என்றும் அமர்வு கடிந்துகொண்டது. நோய்கள் நிற்பதில்லை என்பது உண்மை. நோயாளிகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பதும் உண்மை. ஆனால் நோயில்லாதவர் கட்டிலில் படுத்திருந்ததற்குப் பண்டிகை விளக்கமாகாது. பண்டிகை வார்டைக் காலியாக்கும். ஆரோக்கியமான குழந்தைகளைக் கொண்டுவந்து படுக்க வைக்காது.

ஆய்வு நாளில் ஆள் திரட்டுவது பற்றி டெல்டாக் கிராமங்களில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இலவச மருத்துவ முகாம் என்ற பெயரில் காலையில் வேன் வரும், இரத்த அழுத்தம் பார்ப்பார்கள், சாம்பார் சாதப் பொட்டலம் தருவார்கள், மாலையில் இறக்கிவிடுவார்கள். பல முகாம்கள் உண்மையான முகாம்களே. ஒருசில முகாம்களில், நன்றாக நடமாடும் பாட்டியிடம் "இன்னிக்கு மட்டும் பெட்டுல படுத்துக்குங்க ஆத்தா" என்று சொல்லப்பட்டதையும் நான் நேரில் கேட்டிருக்கிறேன். எந்தக் கல்லூரி என்பது இங்கே தேவையில்லை. ஆசிரியர் பக்கத்திலும் இதே கதை: வேறு ஊரில் கிளினிக் வைத்திருப்பவர் பெயர் மட்டும் வருகைப் பதிவேட்டில் இருக்கும். இதைத் தடுக்க ஆதாருடன் இணைந்த விரல்ரேகைப் பதிவு வந்தது. விரல்ரேகைக்கே நகல் எடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு வந்தபின், 2025 மே முதல் இருப்பிடத்தோடு சேர்த்து முகத்தைப் படம்பிடிக்கும் முறைக்கு ஆணையம் மாறியது. அதே ஆண்டு ஜூன் இறுதியில் மத்தியப் புலனாய்வுத் துறை பதிந்த வழக்கு, அமைச்சக அலுவலர்கள், ஆய்வாளர்கள், கல்லூரி நிர்வாகிகள், இடைத்தரகர்கள் என முப்பதுக்கும் மேற்பட்டவர்களைக் குற்றம்சாட்டியது: ஆய்வுத் தேதி முன்கூட்டியே கசிந்தது, போலி நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள், சாதகமான அறிக்கைக்குப் பணம் கைமாறியது என்பவை அதன் சாரம். வழக்கு நிரூபணமாகும்வரை அவை குற்றச்சாட்டுகளே. ஆனாலும், "ஆய்வறிக்கை நிபுணர்களின் முடிவு, நீதிமன்றம் அதில் தலையிடாது" என்ற நெடுநாள் கோட்பாட்டின் அடித்தளத்தை இது அசைத்துவிட்டது.

அந்தக் கோட்பாடு எவ்வளவு உறுதியானது என்பதற்குப் புவனேஸ்வரத்துக் கலிங்கா மருத்துவக் கழக வழக்கைப் பார்க்கலாம். 100 இடங்களை 150 ஆக்கக் கேட்டார்கள். கவுன்சில் ஆய்வு செய்து குறை சொன்னது. உயர் நீதிமன்றம் அந்த அறிக்கையை வரி வரியாகப் பிரித்துப் பார்த்துக் கல்லூரிக்குச் சாதகமாக இடைக்கால ஆணை தந்தது. அதை வைத்து 50 மாணவர்கள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம், ஆய்வு அறிக்கை மீது மேல்முறையீட்டு மன்றம் போல உயர் நீதிமன்றம் உட்கார முடியாது, தீய எண்ணமோ சட்ட மீறலோ இருந்தால் மட்டுமே தலையிடலாம் என்றது. மாணவர்களின் படிப்பைக் கலைக்கவில்லை, கல்லூரிக்கு ரூ. 5 கோடி அபராதம் விதித்தது.

ஆனால் நிபுணர் முடிவு என்பதற்காகக் காரணம் சொல்லாமல் மறுக்க முடியாது. லோதா குழு 2016இல், வங்கி உத்தரவாதமும் உறுதிமொழியும் பெற்றுக்கொண்டு பல கல்லூரிகளுக்கு நிபந்தனை அனுமதி வழங்கச் சொன்னது. மறு ஆண்டு ஆய்வுக்குப் பின், 2017 மே 31 அன்று மத்திய அரசு 32 கல்லூரிகளை இரண்டு ஆண்டுகளுக்கு மாணவர் சேர்க்கக் கூடாது என்று தடுத்தது. அவற்றில் ஒன்றான சகாரன்பூர் குளோக்கல் கல்லூரியின் வழக்கில், ஆணையில் காரணமே இல்லை, தாள்களை மறுபடி பார்த்துக் காரணத்தோடு முடிவெடுங்கள் என்று ஆகஸ்ட் முதல் வாரத்தில் உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. அந்த ஆண்டு வழக்குக் கட்டுகள் நாட்டின் பல உயர் நீதிமன்றங்களில் குவிந்தன. தீர்ப்பைப் பணத்தால் வளைக்க முயன்றதாகப் புகார் எழுந்து, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே கைதாகும் அளவுக்குப் போயிற்று. ஒரு கல்லூரியின் ஓர் ஆண்டுச் சேர்க்கையின் மதிப்பு கோடிகளில் என்னும்போது, ஒரு நாள் ஆய்வும் ஒரு வார வழக்கும் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது என்பதை அந்த ஆண்டு காட்டியது.

இப்போது காலண்டருக்கு வருவோம். என் கணிப்பில், இந்த வழக்குகளில் சட்டத்தைவிட அதிகத் தீர்ப்பு எழுதுவது அதுதான். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, கடைமடையான வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் எட்ட இன்னும் நாள் ஆகும். திறப்பு ஒரு மாதம் தள்ளினால் தண்ணீரின் அளவு அதேதான். ஆனால் குறுவை போய்விடும். பட்டம் தவறிய விதைப்புக்கு வழக்காடி நீதி வாங்க முடியாது. மருத்துவச் சேர்க்கையும் இப்படியே. மிருதுள் தர் வழக்கில் 2005இலும், பிரியா குப்தா வழக்கில் 2012இலும், ஆண்டுதோறும் கால அட்டவணையை மீறக் கூடாது, செப்டம்பர் 30க்குப் பின் சேர்க்கை இல்லை என்று உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. கேரளத்து ராயல் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் 2015இல், விண்ணப்பம், ஆய்வு, குறைதீர்ப்பு, மறுஆய்வு, மத்திய அரசின் விசாரணை என ஒவ்வொரு கட்டத்துக்கும் போதிய இடைவெளி விட்டு அட்டவணை போட வேண்டும் என்றது. நோக்கம் நல்லது. விளைவு வேறு: கடைசித் தேதி ஒன்று நின்றதும், அதை எட்டுவதற்குள் ஓர் இடைக்கால ஆணை வாங்குவதே முழு வழக்காகிவிட்டது.

ஆணையம் அல்லது மத்திய அரசு மறுக்கிறது. கல்லூரி ரிட் மனுப் போடுகிறது. தேதி நெருங்குகிறது. விசாரணை முடியும்வரை கலந்தாய்வுப் பட்டியலில் கல்லூரியைச் சேர்க்க வேண்டும், ஆனால் சேர்க்கை இறுதித் தீர்ப்புக்கு உட்பட்டது என்று ஓர் ஆணை வருகிறது. வலங்கைமான்காரர் கொண்டுவந்த தாளின் கடைசி வரி அங்கிருந்து வந்ததுதான். வழக்கின் பிரதிவாதி அவரல்ல, மனுதாரரும் அவரல்ல. வழக்கு எண்கூட அவருக்குத் தெரியாது. அவர் மகள் மட்டும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவள். இப்படிப்பட்ட இடைக்கால ஆணைகளைத் தரக் கூடாது என்று ஜே.எஸ்.எஸ். மருத்துவக் கல்லூரி வழக்கு முதல் உச்ச நீதிமன்றம் பலமுறை எச்சரித்திருக்கிறது. நீதிபதிகள் இரக்கமற்றவர்களாகவும் இல்லை: மறுத்துவிட்டு, கல்லூரி ஜெயித்தால் போன ஆண்டைத் திருப்பித் தர முடியாது, அனுமதித்துவிட்டு, கல்லூரி தோற்றால் மாணவர்களை எங்கே அனுப்புவது? இரண்டில் எதைத் தேர்ந்தாலும் யாரோ ஒருவருக்கு ஓர் ஆண்டு நட்டம்.

தோற்ற கல்லூரிகளின் மாணவர்களுக்கு என்ன நடந்தது என்பது ஒரே மாதிரி இல்லை. கலிங்காவில் படிப்பு தப்பியது. உத்தரப் பிரதேசத்து உன்னாவில் உள்ள சரஸ்வதி மருத்துவக் கல்லூரி, முறையான ஒதுக்கீடு இல்லாமல் தானாகவே 132 பேரைச் சேர்த்தது; 2021இல் உச்ச நீதிமன்றம் கல்லூரியை ரூ. 5 கோடி கட்டச் சொன்னது, மாணவர்கள் படிப்பை முடித்தபின் இரண்டு ஆண்டு சமூக சேவை செய்ய வேண்டும் என்று நிபந்தனை விதித்துப் படிக்க விட்டது. கேரளத்தில் அப்படி விடவில்லை. கண்ணூர், பாலக்காடு கருணா ஆகிய இரு கல்லூரிகளில் 2016-17இல் சேர்ந்த 180 பேரின் சேர்க்கை செல்லாது என்று நீதிமன்றம் முடிவு செய்த பின், மாநில அரசு 2017இல் அவசரச் சட்டம் போட்டு அதை முறைப்படுத்தப் பார்த்தது. ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் அதில் ஒரே பக்கம் நின்றன. நீதிமன்றத் தீர்ப்பைச் சட்டமன்றம் அழிக்க முடியாது என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. எது எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய வக்கீல் யாரும் இல்லை. சொல்பவரிடம் ஃபீஸ் கொடுக்காதீர்கள்.

எல்லா வழக்கிலும் கல்லூரிதான் குற்றவாளி என்று நினைப்பதும் தவறு. கேரளத்தின் கே.எம்.சி.டி. கல்லூரி 150 இடங்களை 250 ஆக்கக் கேட்டபோது, இணைப்புச் சம்மதம் தொடர்பான காரணத்தைக் காட்டி ஆணையம் இழுத்தது. உயர் நீதிமன்றத்தில் கல்லூரி வென்றபின்னும் ஆணையம் மேல்முறையீடு செய்தது. பதினெட்டு ஆண்டுகளாக நடக்கும் ஒரு கல்லூரியை இப்படி வாசல் வாசலாக அலையவிடுவது சட்ட நடைமுறையைத் துஷ்பிரயோகம் செய்வதாகும் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டித்து, ஆணையத்துக்கே ரூ. 10 லட்சம் செலவுத்தொகை விதித்தது. கண்காணிப்பாளரும் தவறு செய்வார் என்பதை அனுமதி வழக்குகளில் மறக்கக் கூடாது. அரசுக் கல்லூரிகளுக்கும் தனியாருக்கும் ஒரே அளவுகோலா என்ற பழைய மனக்குறையும் இதில் உண்டு. 2025இல் ஆசிரியர் பற்றாக்குறைக்காகத் தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. நோட்டீஸ் வந்ததோடு சரி, அரசுக் கல்லூரியில் சேர்க்கை நிற்பதில்லை; தனியார் கல்லூரிக்கு அதே குறை ஓர் ஆண்டின் வருமானம்.

முன்பு சொன்ன அத்தியாவசியச் சான்றிதழுக்கு வருகிறேன். பெற்றோர் யாரும் பார்த்திராத தாள் இது. இந்தப் பகுதியில் இந்தக் கல்லூரி தேவை, இத்தனை கல்லூரிகள் ஏற்கெனவே உள்ளன, இத்தனை டாக்டர்கள் தேவை என்று மாநில அரசு சொல்லும் வழக்கமான வரிகளுக்குப் பின், கடைசியில் ஓர் உறுதிமொழி இருக்கும்: கல்லூரி விதிப்படி வசதிகளைச் செய்யத் தவறி, புதிய சேர்க்கை நிறுத்தப்பட்டால், ஏற்கெனவே சேர்ந்த மாணவர்களின் பொறுப்பை மாநில அரசு ஏற்றுக்கொள்ளும். மொத்த ஏற்பாட்டிலும் மாணவருக்கென்று எழுதப்பட்ட வரி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். பலமான வரி; ஆனால் தானாக இயங்காது. கல்லூரி "முழுதாக மூடப்பட்டது" என்ற நிலை வரும்வரை அரசு காத்திருக்கும். கல்லூரியோ வழக்கு நடக்கிறது, அடுத்த ஆண்டு அனுமதி வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே மாணவர்கள் நோயாளி இல்லாத வார்டில் ஸ்டெதாஸ்கோப்போடு நிற்பார்கள். கடைசியில் அவர்களே ரிட் போட்டு, வேறு கல்லூரிக்கு மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும்.

கொடுத்த சான்றிதழை மாநிலம் திரும்பப் பெறலாமா? பஞ்சாபின் சிந்த்பூர்ணி கல்லூரி வழக்கில், கல்லூரி எழுந்து நின்றபின், மோசடி போன்ற காரணம் இல்லாமல் திரும்பப் பெற முடியாது என்று 2018இல் சொன்ன உச்ச நீதிமன்றம், ஜபல்பூர் சுக் சாகர் கல்லூரி வழக்கில் 2020இல் திரும்பப் பெற்றதைச் சரி என்றது. பின்னதில் பல ஆண்டுகள் ஆகியும் கல்லூரி வசதிகளைச் செய்து முடிக்கவில்லை, சேர்ந்த ஒரே பேட்ச் மாணவர்களும் தவித்தார்கள். சான்றிதழ் எந்த நோக்கத்துக்காகத் தரப்பட்டதோ அந்த நோக்கமே செத்துவிட்டது என்பது காரணம். இரண்டு தீர்ப்புகளையும் முரண் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலாவது கட்டடத்தைப் பார்த்தது, இரண்டாவது கட்டடத்துக்குள் இருந்த மாணவரைப் பார்த்தது.

டெல்டாவுக்கு இந்த விவகாரம் இனி எப்படி வரும்? தஞ்சாவூரில் 1950களின் இறுதியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருவாரூரில் 2010இல் வந்தது. நாகப்பட்டினத்தில், 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசுக் கல்லூரிகளில் ஒன்று. 2020இல் நாகையிலிருந்து பிரிந்த மயிலாடுதுறை மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. சீர்காழிக்காரர் அவசரத்துக்குச் சிதம்பரத்துக்கோ தஞ்சைக்கோ காரைக்காலுக்கோதான் போகிறார். இந்த இடைவெளியைக் காட்டித்தான் அடுத்த தனியார் விண்ணப்பங்கள் வரும் என்பது என் ஊகம். அங்கே குறுக்கே வந்தது 2023 ஆகஸ்டில் ஆணையம் கொண்டுவந்த ஒரு வரம்பு: மாநில மக்கள்தொகையில் 10 லட்சம் பேருக்கு 100 எம்.பி.பி.எஸ். இடங்கள் மட்டும். ஏறத்தாழ 7.7 கோடி மக்கள் உள்ள தமிழ்நாட்டுக்கு அந்தக் கணக்கில் 7,700 இடங்கள். இங்கே அப்போதே 11,000ஐத் தாண்டியிருந்தது. முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், தென்மாநிலங்கள் எதிர்த்தன, ஆணையம் 2025-26க்கு அதைத் தள்ளி வைத்தது. மாநிலத்தைக் கணக்கிடும் அந்த வாய்பாட்டுக்கு மாவட்டம் தெரியாது. சென்னையைச் சுற்றிக் குவிந்த தனியார் இடங்கள் மயிலாடுதுறையின் கணக்கிலும் ஏறிவிடும். வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் காரைக்கால், அது புதுச்சேரிக் கணக்கு. கடற்காற்று ஒன்றுதான், விகிதம் வேறு. சில பகுதிகளுக்கு மத்திய அரசின் ஒப்புதலோடு அளவுகோலைத் தளர்த்தலாம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஓர் இடமிருக்கிறது. ஒரு மாவட்டத்தின் பற்றாக்குறையைக் காட்டி அந்த இடத்தைக் கேட்க முடியுமா என்பதுதான் நல்ல வழக்காக வரக்கூடியது.

அப்படி வந்தால் எந்த நீதிமன்றத்துக்கு என்பதிலும் நம் பகுதிக்கே உரிய ஒரு வேடிக்கை உண்டு. தஞ்சாவூர் மாவட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு உட்பட்டது. திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மூன்றும் சென்னைக்கு. கும்பகோணத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் தள்ளி, திருவாரூர் மாவட்டத்தில் இருக்கும் வலங்கைமானில் இருப்பவர் வழக்குப் போடத் தென்மேற்கே மதுரைக்குப் போகாமல் வடக்கே சென்னைக்குப் போக வேண்டும். கல்லூரிகளுக்கு இந்தச் சங்கடம் இல்லை. ஆணையம் டெல்லியில் இருப்பதால் டெல்லி உயர் நீதிமன்றத்திலேயே போட்டுக்கொள்வார்கள்.

அந்த வலங்கைமான்காரரிடம் அன்று மூன்று விஷயங்களைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். ஆணையத்தின் இணையதளத்தில் அந்தக் கல்லூரிக்கு அந்த ஆண்டுக்கான அனுமதி இருக்கிறதா, எத்தனை இடங்களுக்கு என்பது முதலாவது. அனுமதி இல்லை, இடைக்கால ஆணை மட்டுமே இருக்கிறது என்றால், வழக்கு எண்ணும் அடுத்த விசாரணைத் தேதியும் இரண்டாவது. மூன்றாவதுக்குத் தாள் தேவையில்லை: முன்னறிவிப்பில்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறிப் போய், ஓ.பி. சீட்டு வரிசையில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். ஆய்வாளர் செய்வதும் அதைத்தான். அவருக்குத் தேதி கசியலாம், இவருக்குக் கசியாது.

அவர் மூன்றாவதை மட்டும் செய்துவிட்டு வந்தார். "வரிசையே இல்ல சார். சீட்டு எழுதுற பொண்ணு என்னைப் பார்த்து, நீங்க பேஷன்ட்டா, பேரன்ட்டான்னு கேக்குது" என்றார். கட்டணம் கட்டக் கடைசி நாள் மறுநாள் மாலை ஐந்து மணி என்று ஆணையில் போட்டிருந்தது.